என் கதையைத் தலைமுழுகிய தோழர்

அன்னிக்கு சனிக்கிழமை. எனக்கு ரெண்டே வேலைதான்.

காலையில, சேலத்துலருந்து வந்திருந்த மாமாவைத் திருநள்ளாறு குளத்துல முங்க வெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். பதினோரு மணிக்கு, காரைக்கால் பஸ் ஸ்டாண்டுல ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பாத்து, நான் அனுப்பின சிறுகதையைத் திருத்தக் குறிப்போட திருப்பி வாங்கிக்கணும்.

ரெண்டுமே சாதாரண மனுசன் செஞ்சு முடிக்கிற வேலை. நானும் செஞ்சேன். அதான் பிரச்சினையே.

பட்டன் செல்போன் வந்து, அதைச் சட்டைப் பாக்கெட்டுல வெளிய தெரியற மாதிரி வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச காலம் அது. மாமாங்கறவர் என் மனைவி வாசுகியோட சித்தப்பா. எங்க வீடு சுரக்குடியில. திருநள்ளாத்துக்குப் பக்கத்துல வீடு வெச்சிருக்கறவன் படுற பாடு மத்த ஊர்க்காரங்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டுல எந்த மூலையில யாருக்கு ஏழரைச் சனி பிடிச்சாலும் எங்க வீட்லதான் காபி. எங்க கல்யாணத்துக்கு வராத சொந்தமெல்லாம் சனி பிடிச்சதும் விலாசம் கேட்டு வந்துரும். நல்லெண்ணெய் வாங்கிக் குடுத்து, குளத்துக்குக் கூட்டிட்டுப் போயி, வழுக்கி விழாமப் பிடிச்சு, சாமி பாக்க வெச்சு, சாப்பாடு போட்டு பஸ் ஏத்தி விடணும். அவங்க சனிய விட்டுட்டுப் போயிருவாங்க. அடுத்த வாரம் வேற ஒருத்தர் வருவாரு.

இப்போ இலக்கியத்துக்கு வருவோம்.

நான் காரைக்கால்ல ஒரு அரசு அலுவலகத்துல கிளார்க். பகல்ல கோப்பு, சாயங்காலம் சிறுகதை. புனைபெயர் கடலோரன். எங்க ஊர்ல கடல் கிடையாது, வாய்க்கால்தான் இருக்கு. ஆனா வாய்க்காலோரன்னு வெச்சா எவன் மதிப்பான்?

அப்போ 'கொதிகலன்'னு ஒரு பத்திரிகை வந்துக்கிட்டிருந்துச்சு. சமூக மாற்றத்துக்கான இருமாத இதழ்னு அட்டையில போட்டிருக்கும். எந்த ரெண்டு மாசம்னு போட்டிருக்காது. ஆசிரியர் தோழர் அனல்மாறன். உள் அட்டையில அவர் போட்டோ. அடர்ந்த தாடி, சோடாபுட்டிக் கண்ணாடி, தோள்ல ஜோல்னாப் பை, பல்வலிக்காரர் மாதிரி கன்னத்துல கை. அந்தப் போட்டோவைப் பாத்தாலே நாம ஏதோ தப்பு செஞ்சுட்டோம்னு தோணும்.

கடைசிப் பக்கத்துல படைப்பாளிகளுக்கு விதிமுறை இருக்கும். கையெழுத்துப் படிதான் அனுப்பணும். தாளோட ஒரு பக்கம் மட்டும்தான் எழுதணும். ஜெராக்ஸ் ஏத்துக்க மாட்டாங்க. வணிக இதழுக்கு எழுதுற கரங்கள் இங்க வேண்டாம். இதுல கடைசி விதி எனக்குப் பெருமையா இருந்துச்சு. என் கரம் வணிக இதழ்ல எழுதாததுக்கு ஒரே காரணம், அனுப்பினதை எல்லாம் அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க.

நெல்லு விளையற ஊர்க்காரன் நான். நெல்லைப் பத்தி எழுதியிருக்கலாம். ஆனா 'கொதிகலன்' விளிம்புநிலை மக்களைப் பத்தித்தான் கேட்டுச்சு. எங்க பக்கம் நிலம் முடியற இடம் காரைக்கால்மேடு. அங்க போயி மீன் ஏலத்துல நின்னு களஆய்வு செஞ்சேன். கையில பேனா, கண்ணுல சோகம். கூடையோட வந்த ஒரு அம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "மீனு வாங்கலன்னா அந்தாண்ட நில்லுங்க, தண்ணி தெறிக்குது"ன்னு சொன்னாங்க. அதையே கதையாக்கினேன். ஏலத்துல மீன் எடுக்க முடியாம வெறுங்கூடையோட வீட்டுக்குத் திரும்பிப் போற ஒரு அம்மா. அவ்வளவுதான் கதை. நான் எழுதினதுலேயே அதுதான் உருப்படியானதுன்னு இன்னிக்கும் நினைக்கிறேன். எழுதி முடிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல.

ஜெராக்ஸ் கூடாதுன்னு சொன்னது அவங்களுக்கு அனுப்பறதைத்தான். எனக்குன்னு ஒரு நகல் எடுத்து வெச்சுக்கலாம்னு ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியல. விதின்னா விதிதான்னு இருந்துட்டேன். பதினஞ்சு வருஷமா அரசாங்க உத்தியோகம் பாத்தா புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

அடைமழைக் காலம் வேற. தபால் பை நனைஞ்சா கதை கரைஞ்சுரும்னு வாசுகி கவலைப்பட்டா. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒண்ணை எடுத்து, தாளை எல்லாம் அதுக்குள்ள வெச்சு, நாலு பக்கமும் டேப்பு ஒட்டி, அதுக்கு மேல பழுப்புக் கவர் போட்டுக் குடுத்தா. ஊறுகா ஜாடிக்கு வேடு கட்டற மாதிரி இருந்துச்சு. இலக்கியத்தை இப்படியா அனுப்புவாங்கன்னு நான் கிண்டல் பண்ணினேன். அதை ஞாபகம் வெச்சுக்குங்க.

ரொம்ப நாள் பதில் இல்ல. அப்புறம் ஒரு போஸ்ட் கார்டு வந்துச்சு.

"தோழர், கதை நன்று. ஆயினும் இறுதியில் வரும் கோயில் காட்சி உழைக்கும் மக்களைப் பின்னோக்கி இழுக்கிறது. திருத்தம் தேவை."

நான் குழம்பிப் போயிட்டேன். என் கதையில கோயிலே கிடையாது. ஏலம் இருக்கு, கூடை இருக்கு, கொஞ்சம் காத்து இருக்கு. கோயில் எங்கருந்து வந்துச்சு? எடுத்துப் பாக்கலாம்னா கையில நகல் இல்ல. ஒரு வாரம் யோசிச்சேன். வெறுங்கூடையோட அந்த அம்மா நடந்து போறதை அவர் பிரகாரம் சுத்தறதாப் படிச்சிருப்பாரோ? ஏலம் விடுறவரைப் பூசாரியா எடுத்துக்கிட்டாரோ? கடைசியில எனக்கு விளங்கிருச்சு. என் கதையில எனக்கே தெரியாத ஒரு ஆழம் இருக்கு. அதை அந்த மேதை கண்டுபிடிச்சுட்டாரு. ஆபீஸ்ல எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் குடுத்தேன். கதை வந்தா ஆளுக்கு ஒரு பிரதி தர்றதாவும் சொல்லி வெச்சேன். கண்காணிப்பாளர் ரெண்டு கேட்டாரு.

அப்புறம் ஒரு நாள் போன்ல அவரே கூப்பிட்டாரு. காரைக்கால்ல தோழர்கள் கூட்டம் இருக்காம், சனிக்கிழமை வர்றாராம், கதையைக் கையோட கொண்டு வர்றாராம், நேர்ல விவாதிப்போம்னு சொன்னாரு. எனக்குக் கால் தரையில நிக்கல. எங்க வீடு திருநள்ளாறு பக்கம்தான், அங்கயே வந்துருங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்னு கூப்பிட்டேன்.

போன்ல அவர் குரல் கறாராயிருச்சு.

"அதாவது தோழர், திருநள்ளாத்துல நமக்கு என்ன வேலை? மக்களோட பயத்தை வெச்சு நடக்கற இடம். அந்தப் பக்கம் நான் கால் வைக்கறதில்ல. பஸ் ஸ்டாண்டுலயே பாப்போம்."

நான் கூசிப் போயிட்டேன். அப்பேர்ப்பட்ட மனுசரைப் போயி அங்க கூப்பிட்டுட்டோமேன்னு ராத்திரி வாசுகிகிட்ட வருத்தப்பட்டேன். அவ, மாமாவும் அதே சனிக்கிழமைதான் வர்றாரு, மொதல்ல அவரைக் குளிக்க வெச்சுட்டு அப்புறம் கொள்கையைப் பாருங்கன்னா.

சனிக்கிழமை குளத்துல கூட்டம்னா கூட்டம். மாமா தலையில எண்ணெயத் தப்பிவிட்டு, கையப் பிடிச்சு, கட்டம் போட்ட சட்டையோட முழங்கால் தண்ணியில நான் நிக்கிறேன். எனக்கு மனசெல்லாம் பஸ் ஸ்டாண்டுல. மாமா ஒரு முங்கு போட்டுட்டு, பக்கத்துல இருந்தவரோட பேச ஆரம்பிச்சுட்டாரு. சேலத்துக்காரங்க பஸ் ஸ்டாப்புல நின்னாக்கூட சும்மா நிக்க மாட்டாங்க.

"சாருக்கு என்ன ராசி?"

"கடகம். ஆயில்யம்."

"அட, நானும் கடகம்தான். ஜென்மச் சனி. உங்களுக்கு எப்படிப் போவுது?"

"அதாவது சார், படாதபாடு."

அந்த 'அதாவது' எங்கயோ கேட்ட குரலா இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன். தாடியில நல்லெண்ணெய் சொட்டுது. கண்ணாடி இல்ல. இடுப்பளவு தண்ணியில கையக் கட்டிக்கிட்டு, குளிர்ல நடுங்கிக்கிட்டு, உள் அட்டைப் போட்டோ நிக்குது!

தோழர் அனல்மாறனேதான்.

படியில அவர் மனைவி. பட்டுப்புடவை, கையில எள்ளு விளக்கு. அவங்க சொல்ற மாதிரி எல்லாம் இவர் செய்யறாரு. இன்னொரு தடவை முங்குங்கன்னா முங்கறாரு. காது நனையலன்னா திரும்ப முங்கறாரு. அவங்க அவரைக் கூப்பிட்ட பேரு வேற. அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன், ரொம்ப சாதுவான பேரு.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றது? என் கதையில இல்லாத கோயிலைக் கண்டுபிடிச்ச மனுசர், இருக்கற கோயில்ல வகையா மாட்டிக்கிட்டாரு. பஸ் ஸ்டாண்டுல என்ன கேக்கணும்னு அங்கயே வசனம் தயார் பண்ணினேன். தோழர், தலை ஈரமா இருக்கே, வழியில மழையான்னு கேக்கணும். அப்பாவியா கேக்கணும்.

குளிச்சு எழுந்தவர், வழக்கப்படி போட்டிருந்த சட்டை வேட்டியைத் தண்ணியிலயே விட்டுட்டுப் புதுசு உடுத்தினாரு. விட்டதைத் திரும்பிப் பாக்காமப் போயிரணும், அதான் முறை. கிளம்பற நேரத்துல அந்தம்மா படியில இருந்த ஜோல்னாப் பையை எடுத்தாங்க.

"இதை என்னிக்குத் தோள்ல மாட்டினீங்களோ அன்னிக்குப் பிடிச்சது நமக்கு. இதையும் விட்டுட்டு வாங்க."

அவர் ஏதோ முனகினாரு. எனக்குக் கேக்கல. அந்தம்மாவும் கேக்கற மாதிரி தெரியல. பையத் தூக்கித் தண்ணியப் பாத்து வீசினாங்க. அது தண்ணியில விழாமப் படியிலயே தங்கிருச்சு. அவங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள முதுகைத் திருப்பிட்டாங்க.

அந்தம்மா திரும்பாமலே என்கிட்ட சொன்னாங்க. "தம்பி, அது படியிலயே கெடந்தா கொஞ்சம் தண்ணிக்குள்ள தள்ளி விட்ருங்க. நாங்க பாக்கக் கூடாது."

அதுக்கென்னம்மான்னு சொல்லி, காலால ஒரே உதை விட்டேன். பை கனமாத்தான் இருந்துச்சு. பழைய துணியத் திணிச்சு வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். தளும்பித் தளும்பி மூழ்கிப் போச்சு. என் இலக்கிய வாழ்க்கையில நான் அவ்வளவு உறுதியா எடுத்து வெச்ச அடி வேற இல்ல.

மாமாவை வீட்ல விட்டுட்டு, ஈரச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, எழுத்தாளனுக்குன்னு தெச்சு வெச்சிருந்த ஜிப்பாவை மாட்டினேன். வேற பேன்ட்டு காயல. முழங்கால் வரைக்கும் ஈரத்தோட கிளம்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில அவர் தனியா நின்னாரு. மடிப்புக் கலையாத புதுச் சட்டை. கண்ணாடி மாட்டியிருந்தாரு. நெத்தியில விபூதியத் தொடைச்சுட்டாரு, காதோரம் தொடைக்க விட்டுட்டாரு. பத்தடி தள்ளியே நல்லெண்ணெய் வாசனை வந்துச்சு. நான் தயார் பண்ணின வசனத்தோட வாயத் திறந்தேன்.

அப்பதான் பாத்தேன். தோள்ல பை இல்ல.

வாயத் திறந்தபடியே நின்னேன். பழைய துணியத் திணிச்ச பையை எவன் கூட்டத்துக்குக் கொண்டு வருவான்? அந்தப் பை ஏன் அவ்வளவு கனம்? இதை எல்லாம் நான் குளத்துலயே யோசிச்சிருக்கணும். அங்க எனக்கு நக்கல் அடிக்கத்தான் நேரம் இருந்துச்சு.

"தோழர் கடலோரனா? அதாவது, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல"ன்னு அவர் குரலைத் தாழ்த்தினாரு. "பை போயிருச்சு. உளவுத்துறை."

காலையிலருந்தே பின்தொடர்றாங்களாம். களப்பணியில இருந்தப்போ ஒருத்தன் முறைச்சு முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தானாம். கண்ணாடி போடாததால முகம் சரியாத் தெரியலையாம், ஆனா கட்டம் போட்ட சட்டையாம். இவர் இந்தப் பக்கம் திரும்பின நேரம் பாத்து அவன் பையை எட்டி உதைச்சானாம். எங்க உதைச்சான், எதுக்குள்ள விழுந்துச்சுன்னு மட்டும் அவர் சொல்லல. நானும் கேக்கல. ஆக, திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியும் மனுசன் திரும்பிப் பாத்திருக்காரு. அதையும் ஒழுங்காச் செய்யல.

"என் கதையும் அந்தப் பையிலதானா தோழர்?"

"உங்க கதை மட்டுமா? ஒரு தலைமுறையோட குரலே அதுலதான் இருந்துச்சு."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நிஜமாவே கலங்கிருச்சு. அந்த வெறுங்கூடை அம்மாவை நான்தான் உதைச்சுத் தண்ணியில தள்ளியிருக்கேன். ஒரே ஒரு பிரதி. மறுபடி எழுதினா அப்படி வராதுன்னு எனக்குத் தெரியும். அந்த ஒரு தடவை எப்படி வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது.

அவர் என் கண்ணீரைப் பாத்துட்டு நெகிழ்ந்து போனாரு. அப்புறம் கீழ பாத்தாரு. பேன்ட்டு ஏன் இவ்வளவு ஈரம்னு கேட்டாரு. வயலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டு நேரா வர்றேன்னு சொன்னேன். உழைக்கும் கரம்னு சொல்லி என் கையப் பிடிச்சுக் குலுக்கினாரு. கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ரெண்டு பேரும் ஒரே குளத்துலருந்து வந்து, ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிட்டு, ஒரே டீயை ரெண்டா ஊத்திக் குடிச்சோம்.

அப்பவே உண்மையச் சொல்லியிருக்கலாம்னு நீங்க சொல்லுவீங்க. சொன்னா, அவர் குளத்துல நின்னதை நான் பாத்தேன்னு ஆயிரும். அப்புறம் 'கொதிகலன்'ல என் கதை வருமா? அச்சுல பேரு வரணும்னு ஆசைப்பட்டவனுக்கு வெக்கம், மானம், முதுகெலும்பு எதுவும் இருக்காது. நான் அவருக்கு ஆறுதல் சொல்லி, போராட்டம் தொடரும்னு கைய உசத்திட்டு, அவர் தலை மறைஞ்சதும் திருநள்ளாறு பஸ்ஸைப் பிடிச்சு ஓடினேன்.

துணி அள்ளுறவங்க அதுக்குள்ள குளத்துலருந்து கொக்கியால இழுத்துப் பாதியைக் கரையில குவிச்சுட்டாங்க. மலை மாதிரி ஈரத் துணி. நான் ஒரு பையத் தேடணும்னு அங்க நின்னவர்கிட்ட கேட்டேன். விட்டதை எடுக்கறது ஆகாதுங்கன்னாரு. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லைங்கன்னு கொஞ்சம் மிடுக்காவே சொன்னேன்.

"உங்க இஷ்டம். என் பக்கம் உதறாதீங்க."

ஜிப்பாவைச் சுருட்டிக்கிட்டுக் குவியலுக்குள்ள இறங்கினேன். முற்போக்குச் சிந்தனை முட்டி வரைக்கும்தான் தாங்குச்சு. ஒவ்வொரு வேட்டியையும் விலக்கும்போது இது எந்த ராசியோ, இவனுக்கு என்ன கஷ்டமோன்னு மனசு அடிச்சுக்குது. படியேறிப் போன ஒரு அம்மா என்னை இரக்கமாப் பாத்துட்டு, எள்ளுசாதப் பொட்டலம் ஒண்ணைக் கையில வெச்சு, "நல்லா இருப்பா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் அரசாங்க ஊழியர்னு சொல்ல வந்தேன். பசி வேற. வாங்கித் தின்னுட்டுத் திரும்பவும் தேடினேன்.

கிடைச்சிருச்சு! அடியில ரெண்டு சேலைக்கு நடுவுல, சொட்டச் சொட்ட.

அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தா, வாசல்லயே வாசுகி கைய நீட்டித் தடுத்துட்டா.

"அங்கயே நில்லுங்க. கையில என்ன?"

சொன்னேன். உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்த மாமா காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்கிட்டாரு. அவர் பயம் வேற மாதிரி. "ஏன் மாப்ள, நான் விட்ட சனியும் அதே தண்ணியிலதானே கெடந்துச்சு? அந்தாளோடது மட்டுமா பாத்துப் பையில ஒட்டியிருக்கும்?" மோரைக்கூடக் குடிக்காம, கொல்லைப்பக்கமா இறங்கி, வயக்காட்டு வழியா மெயின் ரோட்டுக்குப் போயி பஸ் ஏறிட்டாரு. நிஜமாவே ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல. ஆசிரியர் அவர்கிட்ட கத்துக்கணும்.

என்னை போர் மோட்டார்ல குளிக்க வெச்சா வாசுகி. பையை மோட்டார் கொட்டகையில வெச்சுப் பிரிச்சேன்.

உள்ள கட்டுக் கட்டா கவர். ஊரூர்லருந்து வந்த கதைகள், கவிதைகள். மை கரைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ஆனா எல்லாம் ஒட்டின ஒட்டுப் பிரியாம இருக்கு. அனுப்பினவன் தடவின பசை அப்படியே இருக்கு. ஒரு கவரைக்கூட அந்த மனுசன் கிழிக்கல.

என்னோடது அடியில இருந்துச்சு. பழுப்புக் கவர் கூழாப் போயிருந்துச்சு, உள்ள ஜவுளிக்கடை பிளாஸ்டிக்குல வாசுகி ஒட்டின டேப்பு மட்டும் ஒரு மூலைகூடத் தூக்கல.

கோயில் காட்சி! உழைக்கும் மக்களைப் பின்னோக்கி இழுக்கிறதாம்! நான் ஒரு வாரம் பிரகாரம் சுத்தினேன்யா அந்த ஒரு வரிக்காக. எல்லாருக்கும் அதே கார்டைத்தான் எழுதிப் போட்டுருப்பாரு போல. பத்துல எட்டுக் கதையில கோயில் வராமலா இருக்கும்?

டேப்பை உரிச்சுப் பிளாஸ்டிக்கைப் பிரிச்சேன். அதுக்குள்ள என் கதை, எழுதின அன்னிக்கு இருந்த மாதிரியே, ஒரு எழுத்து கலையாம. அந்தாள் படிச்சிருந்தா அது குளத்தோட போயிருக்கும். படிக்காததால பொழைச்சுச்சு. மோட்டார் கொட்டகையில உக்காந்து அழுதேன், சிரிச்சேன், ரெண்டுக்கும் நடுவுல தும்மினேன்.

கதையைக் காப்பாத்தினது அவளோட டேப்புங்கறதால வாசுகி அதை மட்டும் வீட்டுக்குள்ள விட்டா. அன்னிக்கு சாயங்காலம் அவளே உக்காந்து படிச்சா. என் கதையை முதல் வரியிலருந்து கடைசி வரி வரைக்கும் படிச்ச முதல் ஆள் அவதான். முடிச்சுட்டுத் தாளை ஒழுங்கா அடுக்கி வெச்சா. அப்புறம் சொன்னா.

"நல்லாத்தான் இருக்குங்க. பாவம் அந்தம்மா. கடைசியில ஒரு கோயில்ல போயி உக்காந்தாங்கன்னு வெச்சா மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

மத்தவங்க கவரையெல்லாம் வெயில்ல காய வெச்சு, கரைஞ்ச முகவரியை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சு, அனுப்பினவங்களுக்கே தபால்ல திருப்பிப் போட்டேன். பேரு போடல, துணிச்சல் இல்ல.

அடுத்து வந்த 'கொதிகலன்' தலையங்கத்தைப் பாக்கணுமே. படைப்புகளைப் பறித்த அரசு, இதழின் கண்டனக் குரலுக்குப் பணிந்து அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். படைப்புகள் நீரில் மூழ்கடிக்கப்பட்டதற்கான தடயங்கள் உள்ளனவாம். இன்னும் திரும்பக் கிடைக்காத படைப்பு ஒன்றே ஒன்று, தோழர் கடலோரனுடையது என்று போட்டிருந்தாரு. அச்சுல என் பேரு முதல் தடவையா வந்தது அப்படித்தான். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நாலு பிரதி வாங்கினேன். ஆபீஸ்ல கண்காணிப்பாளர் படிச்சுட்டுக் கதை எங்கன்னு கேட்டாரு. அரசாங்கம் எடுத்துக்கிச்சு சார்னேன். நாமதானே அரசாங்கம், நம்மகிட்ட வரலையேன்னு குழம்பிட்டு, தனக்கு ரெண்டு பிரதி பாக்கின்னு ஞாபகப்படுத்தினாரு.

கூடவே எனக்கு ஒரு கார்டு. நினைவிலிருந்து மீண்டும் எழுதி அனுப்புக, கோயில் காட்சி வேண்டாம்.

அந்த நேரம் பாத்து வாசுகியும் பிடிவாதமா நின்னா. அந்தப் பை கொட்டகையில கெடந்ததுலருந்து மோட்டார் ரெண்டு தடவை புகைஞ்சிருச்சாம். யாரோடதோ அவர்கிட்டயே போய்ச் சேரணும்னுட்டா.

ஜோல்னாப் பையைத் துவைச்சேன். காய வெச்சு மடிச்சேன். வாசுகி அதே மாதிரி பிளாஸ்டிக்ல சுத்தி, நாலு பக்கமும் டேப்பு ஒட்டினா. மேல கவர் போட்டு, சிறுகதைன்னு எழுதி, பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன்.

பதில் இந்தத் தடவை உடனே வந்துச்சு.

"தோழர், ஒரே மூச்சில் படித்தேன். முந்தைய வடிவத்தைவிடக் கூர்மை. கோயில் காட்சியை நீக்கியது சரியான முடிவு."

வாசுகிகிட்ட காட்டினேன். கவரைப் பிரிச்சாத்தான் சனி பிடிக்கும்னா. அப்படின்னா அந்த மனுசனுக்கு ஆயுசு முழுக்க சனி கிடையாது.